கார் கழுவ எத்தனை குடம் தண்ணி?

எங்க ஊர்ல இப்போ வீட்டுக்கு ஒரு வண்டி நிக்குது. முப்பது வருசத்துக்கு முன்னாடி ஒரு அம்பாசிடர் ஊருக்குள்ள வந்தாலே கல்யாணமா, சாவான்னு கேப்பாங்க. இப்போ எங்க தெருவுல மட்டும் பதினொரு கார். பாதிக்கு மேல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. என்னோடதும் அப்படித்தான், பால் கேனும் தீவன மூட்டையும் ஏத்துற ஒரு வெள்ளை ஆம்னி. வண்டி வந்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க. ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைல அதுகளைக் கழுவுற லட்சணத்தைப் பார்த்தாத்தான் எனக்கு வயிறு எரியுது.

மோட்டாரைப் போட்டு விடுவாங்க. ஓஸ் பைப்பை எடுத்து வண்டி மேல பீச்சிட்டு, அதை அப்படியே தரையில போட்டுட்டு, துணி துவைக்கிற சோப்புத் தூளைப் பக்கெட்டுல கரைப்பாங்க. பழைய பனியன்ல தொட்டு வட்டம் வட்டமாத் தேய்ப்பாங்க. நடுவுல போன் வரும், பேசுவாங்க. பைப்பு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். கடைசில வெயில்லயே காய விட்டுட்டு, ரெண்டு நாள் கழிச்சு, "என்னங்க இது, கழுவினாலும் வெள்ளை வெள்ளையாத் தெரியுது"ன்னு என்கிட்டயே வந்து கேப்பாங்க.

ஒரு நாள் பங்காளி வீட்டுப் பைப்பை வாங்கி பக்கெட்டுல பிடிச்சுப் பார்த்தேன். 15 லிட்டர் பக்கெட் ஒரு நிமிசத்துல நிறைஞ்சது. அவர் வண்டி கழுவுறதுக்கு 25 நிமிசம் பைப்பு ஓடுது. கணக்குப் போடுங்க, 375 லிட்டர், 25 குடம். நல்ல கறவை மாடு ஒண்ணு வெயில் காலத்துல நாளைக்கு 60, 70 லிட்டர் குடிக்கும். அஞ்சு மாடு ஒரு நாள் குடிக்கிற தண்ணி தெருவுல போயிடுச்சு. இதைச் சொன்னா, "என்ற போரு, என்ற மோட்டாரு, உனக்கு என்னப்பா"ன்னு கேக்கறார்.

எனக்கு என்னன்னு சொல்றேன். காங்கயம் பக்கம் எங்களது. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலை நாலு மண்டலமாப் பிரிச்சு, முறை வெச்சுத்தான் தண்ணி விடறாங்க. நம்ம முறை வர்ற வரைக்கும் தென்னை உயிரோட நிக்கறது போர் தண்ணியிலதான். அவர் போரும் என் போரும் பூமிக்குள்ள வேலி போட்டுப் பிரிச்சு வெச்சதில்லை. 1990லிருந்து விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம். அது எங்களைப் போல சின்ன விவசாயிக்கு எவ்வளவு பெரிய உதவின்னு எனக்குத் தெரியும், அதை யாராவது குறை சொன்னா நானே சண்டைக்குப் போவேன். ஆனா காசு குடுக்காத கரண்ட்டுல வர்ற தண்ணியை யாரும் அளக்கறதில்லை. அந்தக் கரண்ட் பயிருக்குக் குடுத்தது, பானெட்டுக்குக் குடுத்ததில்லை. வாரம் ஒரு தடவை வர்ற நல்ல தண்ணிக் குழாயிலயே பைப்பை மாட்டுறவங்களும் இருக்காங்க. அவங்களைப் பத்தி நான் எழுதினா வார்த்தை தடிச்சுப் போகும், விட்டுடறேன். பெங்களூர்ல 2024 மார்ச்சுல தண்ணிக்கு அல்லாடினப்போ, குடி தண்ணியில வண்டி கழுவினா 5,000 ரூபாய் அபராதம்னு அந்த ஊர் குடிநீர் வாரியம் உத்தரவு போட்டுச்சு. அது மாதிரி இங்கயும் ஒரு நாள் வரும்னு நான் நினைக்கறேன்.

அப்போ வண்டியைக் கழுவாமயே விட்டுடலாமான்னா, அதுவும் கூடாது. "மழை பேஞ்சா தானாக் கழுவிக்கும்"னு சொல்ற பெரியவங்க இருக்காங்க. விவசாயி வண்டிக்கு அது ஆகாது. நாம யூரியா, பொட்டாஷ், கோழி எருன்னு ஏத்தறோம். உர மூட்டையிலிருந்து சிந்துற தூள் ஈரம் பட்டா இரும்பைத் தின்னுடும். மட்கார்டுக்கு உள்பக்கம் சேறு ஒட்டி ஈரத்தோடயே இருந்தா, ஒரு மழைக்காலத்துல துரு பிடிச்சுடும். ஆம்னி கம்பெனில நிறுத்தி 2019லயே முடிஞ்சு போச்சு. இருக்கறதைக் காப்பாத்துனாத்தான் உண்டு.

நான் சொல்றது இதுதான். 50 லிட்டருக்குள்ள ஒரு காரோட வெளிப்பக்கத்தை முழுசாக் கழுவலாம். வாட்டர் சர்வீஸுக்கு ஒவ்வொரு தடவையும் 400, 500 குடுக்க வேண்டாம். புதுசா வண்டி வாங்கின பசங்க வீட்டிலேயே செய்யலாம். எப்படின்னு எழுதறேன், நம்ம ஊர்த் தண்ணிக்கும் தூசிக்கும் ஏத்த மாதிரி.

மொதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். கார் மேல இருக்கற பெயிண்ட், தலைமுடி கனம் கூட இல்லாத ஒரு கண்ணாடி மாதிரியான பூச்சுக்குக் கீழதான் இருக்குது. பளபளப்பு எல்லாம் அந்த மேல் பூச்சோடது. நம்ம செம்மண் தூசில இருக்கற மணல் அந்தப் பூச்சை விடக் கெட்டி. காய்ஞ்ச தூசி மேல காய்ஞ்ச துணியை வெச்சுத் தேய்க்கறது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கற மாதிரிதான். மாப்பிள்ளையோட கார் கருப்பு. தினமும் காலைல ஒரு துண்டை எடுத்துத் தட்டித் துடைச்சிட்டுத்தான் கிளம்புவார். இப்போ வெயில்ல நிறுத்தினா பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னின மாதிரி வட்டம் வட்டமாத் தெரியுது. "ஏனுங்க மாமா, கம்பெனில பெயிண்ட் சரியா அடிக்கலைங்களா"ன்னு கேட்டார். "பெயிண்ட் நல்லாத்தான் அடிச்சிருக்காங்க மாப்பிள்ளை, அந்தத் துண்டை மட்டும் எடுத்து மாட்டுக் கொட்டாய்ல போட்டுடுங்க"ன்னு சொன்னேன். அதனால தூசியா இருந்தா தூசியோடயே ஓட்டுங்க, தப்பில்லை. கண்ணாடியை மட்டும் தண்ணி விட்டுத் துடைச்சுக்குங்க.

கழுவறதுக்கு நேரம் காலைல வெயில் ஏறதுக்கு முன்னாடி, இல்லைன்னா சாயந்தரம் நிழல்ல. பானெட்டுல கை வெச்சா சூடு இருக்கக் கூடாது. சூட்டுல தண்ணி நாம துடைக்கறதுக்குள்ள காய்ஞ்சுடும், சோப்பும் அங்கயே படிஞ்சுடும்.

தூசியை ஊற வைக்க நான் எடுக்கறது ஓஸ் பைப்பு இல்லை, தோட்டத்துல மருந்தடிக்கற 16 லிட்டர் பேட்டரி ஸ்ப்ரேயர். எல்லார் வீட்டுலயும் ஒண்ணு கிடக்கும். ஆனா ஒண்ணு, களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் அடிச்ச டேங்கை இதுக்கு எடுக்காதீங்க. எவ்வளவு கழுவினாலும் உள்ள மிச்சம் இருக்கும், உங்க கையில படும், கார் கதவைத் திறக்கற குழந்தை கையில படும். பழசு ஒண்ணு மருந்தே படாம இருந்தா அதுக்கு ஒரு பெயிண்ட் அடையாளம் போட்டுத் தனியா வைங்க, இல்லைன்னா தண்ணிக்குன்னே ஒண்ணு வாங்குங்க. மேல கூரையிலிருந்து ஆரம்பிச்சு, பயிருக்கு அடிக்கற மாதிரி வரிசையா அடிச்சுக்கிட்டு வந்தா பாதி டேங்க்ல வண்டி முழுக்க நனைஞ்சுடும். அஞ்சு நிமிசம் விடுங்க. அப்புறம் நாஸிலைக் கொஞ்சம் முறுக்கி, தண்ணி கோடாப் பாயற மாதிரி வெச்சு, மண்ணை மேலிருந்து கீழே தள்ளிடுங்க. மழைக்காலத்துச் சேறா இருந்தா ஒரு டேங்க் முழுசா இதுக்கே ஆகும், அதைக் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம். இந்த இடத்துல மிச்சம் பிடிச்சா அந்த மண்ணைத் துணியோட சேர்த்துத் தேய்க்க வேண்டி வரும்.

அடுத்து ரெண்டு பக்கெட். ஒண்ணுல சாம்புத் தண்ணி, ஒண்ணுல வெறும் தண்ணி, பத்துப் பத்து லிட்டர். துணியைச் சாம்புல தொட்டு ஒரு கதவு அளவுக்குத் தேய்ச்சதும், வெறும் தண்ணியில நல்லா அலசிப் பிழிஞ்சுட்டு அப்புறம்தான் மறுபடி சாம்புக்குப் போகணும். ஒரே பக்கெட்டா இருந்தா என்ன ஆகும்னா, முதல் கதவுல எடுத்த மண்ணைக் கரைச்சு அடுத்த கதவுக்குப் பூசுறோம். கழுவி முடிச்சுட்டு அந்த வெறும் தண்ணி பக்கெட்டுக்கு அடியில பாருங்க, எவ்வளவு மணல் படிஞ்சிருக்குன்னு. அது எல்லாம் பெயிண்ட் மேல ஓடியிருக்க வேண்டியது.

துணி மைக்ரோஃபைபர்னு கேட்டு வாங்குங்க. நாலு துணி வாங்கினா வருசம் ஓடும். பனியன் துணி மண்ணை நூல் நுனியிலயே பிடிச்சு வெச்சுத் தேய்க்கும், மைக்ரோஃபைபர் பொசுபொசுன்னு இருக்கறதால உள்ள இழுத்துக்கும். தேய்க்கறது நேர் கோடா, அழுத்தாம. வட்டமாத் தேய்ச்சாத்தான் மாப்பிள்ளை வண்டி மாதிரி ஆகும். கூரை, கண்ணாடி, பானெட், கதவோட மேல் பாதி, கடைசியா கீழ்ப்பாதி. அங்கதான் மண் ஜாஸ்தி. டயருக்கும் வீலுக்கும் தனித் துணி, தனி பக்கெட். பிரேக்கிலிருந்து வர்ற இரும்புத் தூள் வீல்ல ஒட்டியிருக்கும். அந்தத் துணி மறந்தும் பெயிண்ட் பக்கம் வரக் கூடாது.

சாம்பு காருக்குன்னு விக்கறதையே வாங்குங்க. ஒரு பக்கெட்டுக்கு ஒரு மூடி போதும், ஒரு பாட்டில் மாசக் கணக்குல வரும். துணி சோப்புத் தூள்ல சோடா இருக்குது. அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கறதுக்காக உண்டானது. பெயிண்ட் மேல இருக்கற மெழுகையும் சேர்த்துத்தான் எடுக்கும். பாத்திரம் விளக்கறதும் அப்படியே. குளிக்கற சோப்பு நம்ம உப்புத் தண்ணியில நுரைக்கவே நுரைக்காது, திரிதிரியா ஒட்டிக்கும், தலைக்குக் குளிச்சவங்களுக்குத் தெரியும்.

உப்புத் தண்ணிதான் நம்ம பக்கத்துப் பெரிய தலைவலி. ஃபில்டர் மாட்ட வந்த பையன் மீட்டர் வெச்சுப் பார்த்தப்போ எங்க போர் தண்ணி 1,900 காட்டுச்சு. குடிக்கற தண்ணிக்கு அது 500க்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு கணக்கு. கார்ல நிக்கற ஒவ்வொரு சொட்டும் காய்ஞ்சா தண்ணி போயிடும், உப்பு அங்கயே நிக்கும். சொட்டுநீர்க் குழாய்ல ஓட்டைக்கிட்ட வெள்ளையாப் படிஞ்சு அடைக்குமே, அதே சரக்குதான் வண்டி மேலயும். அதனால போர் தண்ணியில கழுவினவங்க, கழுவி முடிச்ச கையோட துடைச்சுடணும். "காத்துல காயட்டும்" கூடாது. காய்ஞ்ச ரெண்டு துணி கையில இருக்கணும், ஒண்ணு நனைஞ்சா இன்னொண்ணு.

பங்காளி ஒருத்தர் சொட்டுநீர்க்குழாய்க்கு விடற ஆசிட்டைத் தண்ணியில கலந்து கண்ணாடிக் கறையைத் துடைக்கலாமான்னு கேட்டார். வேண்டவே வேண்டாம். ஓரத்துல இருக்கற ரப்பர், குரோம், பெயிண்ட் எல்லாத்தையும் காலி பண்ணிடும், மூச்சுக்கும் ஆகாது. மளிகைக் கடைல விக்கற வெள்ளை வினிகரைச் சரிக்குச் சரி தண்ணி கலந்து, கண்ணாடில மட்டும், நிழல்ல, துணியில தொட்டு வெச்சு ரெண்டு நிமிசத்துல நல்ல தண்ணியால கழுவிடுங்க. பழைய கறை ஒரு தடவைல போகாது. அடுத்த வாரமும் பண்ணணும்.

இதுக்கு உண்மையான மருந்து மழைத் தண்ணி. உப்பே இல்லாதது. 2003ல எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்தப்போ ஊரெல்லாம் பைப்பு மாட்டினாங்க. இன்னைக்கு அதுல பாதி உடைஞ்சு தொங்குது. கூரைப் பைப்புக்கு அடியில ஒரு 200 லிட்டர் டிரம் வெச்சு, முதல் மழையை வெளிய விட்டுட்டு அடுத்ததைப் பிடிச்சு, கொசு போகாம மூடி வைங்க. கடைசி அலசலுக்கு மட்டும் அதை ஸ்ப்ரேயர்ல ஊத்தி அடிச்சா எட்டு லிட்டர்ல முடிஞ்சுடும். ஒரு டிரம் எத்தனை ஞாயித்துக்கிழமைக்கு வரும் பாருங்க. நான் அப்படித்தான் பண்றேன். ஆம்னி கண்ணாடி ஒரு புள்ளி இல்லாம நிக்குது.

சில கறைக்குத் தண்ணி பத்தாது. காக்கா எச்சம் விழுந்தா அன்னைக்கே எடுக்கணும், அதுல இருக்கற அமிலம் வெயில் சூட்டுல பூச்சை அரிச்சுடும். சுரண்டக் கூடாது, ஈரத் துணியை அது மேல போட்டுப் பத்து நிமிசம் விட்டா தானா இளகி வரும். ராத்திரி ஓட்டினா முன்னாடி அப்புற பூச்சிக்கும் இதே வைத்தியம். வேப்ப மரத்தடி நிழல் சுகம்தான், ஆனா பிசின் வடியும், காக்காவும் அங்கதான் உக்காரும். தென்னை மரத்தடில நிறுத்தறவங்களுக்கு நான் புத்தி சொல்ல மாட்டேன், ஒரு தேங்காய் சொல்லிக் குடுத்துடும். புதுசாப் போட்ட ரோட்டுத் தார் தெறிச்சிருந்தா, தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு ஊற வெச்சு மெதுவாத் துடைச்சுட்டு, அந்த இடத்தைச் சாம்பு போட்டுக் கழுவிடுங்க. ஆயுத பூஜைக்கு வண்டில வைக்கற சந்தனமும் குங்குமமும் ராத்திரியே துடைக்கணும். சாமிக்கு வெச்சதைத் துடைக்கலாமான்னு வீட்டுல சொன்னாங்க. அடுத்த வருசப் பூஜை வரைக்கும் பானெட்டுல மூணு மஞ்சள் வட்டம் நிக்கற வண்டி எங்க தெருவுலயே இருக்குது, அதைக் காட்டினேன்.

டீசல் போட்டுத் துடைக்கறது இன்னும் நிறையப் பேரை விட்டுப் போகலை. லாரி டிரைவருங்க கிட்ட இருந்து வந்த பழக்கம். துடைச்ச அன்னைக்குப் புது வண்டி மாதிரி மின்னும். மறுநாள் ஊர்த் தூசி எல்லாம் அதுல ஒட்டியிருக்கும், ரப்பர் பீடிங்கும் ஊதிப் போகும். மின்னணும்னா மெழுகு போடுங்க. இதை விவசாயிக்குச் சொல்லிப் புரிய வைக்கறது சுலபம். வெங்காயத்தாள்ல மருந்தடிச்சா சொட்டுச் சொட்டா உருண்டு கீழ விழுதில்லையா, அதுக்குத்தானே ஒட்டும் திரவம் கலக்கறோம்? தாள் மேல இருக்கற மெழுகுதான் அப்படி உருட்டி விடுது. கார்ல மெழுகு போட்டாலும் தண்ணி அப்படியே உருண்டு ஓடிடும், உப்பு தங்காது, அடுத்த தடவை கழுவறதும் சுலபம். நல்ல கார் மெழுகுல சேர்க்கற கார்னாபாங்கறது பிரேசில் நாட்டுல ஒரு பனை மரத்து ஓலையிலிருந்து எடுக்கறதாம். படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, பனையை வெட்டிச் சூளைக்கு அனுப்பிட்டு நாம பனை மெழுகைக் காசு குடுத்து வாங்கறோம். கழுவித் துடைச்சு நல்லாக் காய்ஞ்ச வண்டில, நிழல்ல, கொஞ்சூண்டு எடுத்து மெல்லிசாத் தடவி, காய்ஞ்சதும் வேற துணியால துடைச்சுடணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும். அப்பிப் பூசினா வேலைதான் ஜாஸ்தி, மினுக்கம் ஜாஸ்தி ஆகாது.

டவுன்ல செராமிக் கோட்டிங்னு ஆயிரக் கணக்குல கேக்கறாங்க. புது வண்டி வாங்கி, காசும் இருந்து, அதுக்கப்புறமும் ரெண்டு பக்கெட் வெச்சு ஒழுங்காக் கழுவறவங்களுக்கு அது சரி. பழைய ஆம்னிக்கும், சோப்புத் தூள் கைக்கும் அது வீண் செலவு. பாலிஷ் மெஷின் வாங்கி வீட்டுல ஓட்டறதும் புதுசாப் பழகறவங்களுக்கு வேண்டாம். பூச்சு எவ்வளவு மெல்லிசுன்னு மேல சொன்னேனே.

இன்னொண்ணு, குளத்துக்குள்ளயும் வாய்க்காலுக்குள்ளயும் வண்டியை இறக்கிக் கழுவறது. டிராக்டர், டெம்போ, இப்போ காரும். தண்ணி மேல எண்ணெய் வானவில் மாதிரி மிதக்கும், அடுத்த அரை மணில கீழ்ப்பக்கம் எவனோ மாட்டுக்குத் தண்ணி காட்டுவான். என் முகத்துக்கு நேரா யார் இறக்கினாலும் நான் கேக்கறேன், கெட்ட பேர் வாங்கியாச்சு. வீட்டுல கழுவற அந்த 50 லிட்டரை மண் தரையில, வாசலுக்கு ஓரமா, கிணத்துக்கும் போருக்கும் தள்ளி விடுங்க. சாம்புத் தண்ணியைக் கீரைப் பாத்திக்கு விடாதீங்க.

கழுவி முடிச்சதும் வண்டியை உடனே நிறுத்திடாதீங்க. தெருவுல மெதுவா ஓட்டி நாலு தடவை பிரேக் மிதிங்க, ஈரம் போகும். கதவு நாலையும் திறந்து உள் ஓரத்துல நிக்கற தண்ணியைத் துடைங்க, துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். துணிகளைத் தனியா, சாம்புலயே அலசி நிழல்ல காயப் போடுங்க. வீட்டுத் துணியோட வாஷிங் மெஷின்ல போட்டா என்ன நடக்கும்னு எங்க வீட்டுக்காரம்மா கிட்டக் கேளுங்க, அவங்க நல்லாவே சொல்லுவாங்க.